நகரத் திட்டமிடல் படிக்க ஐந்து வாசல்கள்: யாருக்கு எது பொருந்தும்?

பிளஸ் டூ முடித்த மாணவர், கடைசி வருட சிவில் மாணவி, பி.ஆர்க். படித்தவர், புவியியல் எம்.ஏ., நகராட்சியில் பல வருடம் வேலை பார்த்த பொறியாளர். இந்த ஐந்து பேருமே நகரத் திட்டமிடலுக்கு வரலாம். ஒவ்வொருவருக்கும் வாசல் வேறு. உள்ளே போனபின் தடுமாறுகிற இடமும் வேறு. கல்லூரிப் பட்டியலைத் தேடுவதற்கு முன்னால், இந்த வேலை என்னவெல்லாம் கேட்கிறது என்பதை ஒரு கணக்கோடு பார்த்துவிடலாம்.

சென்னைப் புறநகரில் 10 ஹெக்டேர் வயல், ஏறத்தாழ 25 ஏக்கர், மனைப்பிரிவாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் ஓட்டத்தைக் கணிக்க எளிய சூத்திரம் ஒன்று உண்டு. ஓட்டக் கெழுவை (பெய்த மழையில் எவ்வளவு பங்கு வழிந்தோடும் என்ற எண்) மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதாலும் ஹெக்டேர் பரப்பாலும் பெருக்கி, 360-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர் என்று வரும். வயலுக்குக் கெழு 0.3, மழை மணிக்கு 60 மி.மீ. என்றால் 0.5 கனமீட்டர். வீடுகள் நெருங்கி, வாசலெல்லாம் சிமெண்ட் ஆனபின் கெழு 0.75, ஓட்டம் 1.25 கனமீட்டர். மழை அதேதான், வாய்க்காலும் அதேதான், தண்ணீர் மட்டும் இரண்டரை மடங்கு.

கோப்பு இதோடு முடிவதில்லை. அந்த வாய்க்கால் அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) புறம்போக்காக இருக்கிறதா, பட்டா நிலத்துக்குள் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிடத்தில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட வேண்டும். சாலைக்கு 3 ஹெக்டேர் போனால் மீதி 7, ஒப்படைக்க வேண்டிய ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் 0.7 ஹெக்டேர். அதை எந்த மூலையில் வாங்குவது என்பதில்தான் திட்டமிடுபவரின் திறமை இருக்கிறது. வாய்க்காலை ஒட்டி, தாழ்வான பக்கத்தில் வாங்கினால் வெள்ளத்தைத் தாங்கும். விற்காத மூலையில் ஒதுக்கிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டால் குப்பை சேரும். அணுகுசாலைக்குக் கோடு போடும்போது சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1971-இன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-வது பிரிவின்படி, திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை மூன்று ஆண்டுகளுக்குள் நடக்காவிட்டால் அந்த நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். பணத்துக்கு வழி சொல்லாமல் வரைந்த கோடு அங்கேயே செத்துவிடும்.

நீரியல், நில ஆவணம், சட்டம், சாலை, நிதி, குடியேறப்போகிறவர்களின் வருமானம் எல்லாம் இந்த ஒரே கோப்பில் இருக்கின்றன. எந்தப் பட்டமும் இத்தனையையும் தராது. ஒவ்வொரு வழியும் எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்து சேர்ந்தால் அந்த ஓட்டையைப் படிக்கும்போதே அடைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள ஒப்பீடு அதற்காகத்தான்.

வேலைச் சந்தை பற்றி ஒரு வார்த்தை. நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை, அனுமதிக்கப்பட்டவை 3,945, அவற்றிலும் 42 விழுக்காடு காலி. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) கிடையாது. தேவை மலைபோல் இருக்கிறது, நியமனம் மெதுவாக நடக்கிறது. பல மாநிலங்களில் இந்தப் பணிகளுக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயத் தகுதியாகவே இல்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972 சட்டப்படி ஒரு பதிவு மன்றம் இருப்பதுபோல, திட்டமிடுநர்களுக்கு நாடு தழுவிய சட்டபூர்வ மன்றம் இல்லை. 1951 முதல் இயங்கும் இந்திய நகரமைப்பாளர் கழகத்தின் அங்கீகாரம்தான் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. கையில் இரண்டாவது தொழில் ஒன்று இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

பி.பிளான். (திட்டமிடல் இளநிலை): நேர்வழி, நான்கு வருடம்

பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் ஜே.இ.இ. மெயின் தேர்வின் 2பி தாள் வழியே டெல்லி, போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ.க்களிலும் (மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள்) போபால் மானிட்டிலும் (அங்குள்ள என்.ஐ.டி.) சேரலாம். 100 கேள்விகள், 400 மதிப்பெண்: கணிதம் 25 கேள்வி, திறனறி 50, திட்டமிடல் சார்ந்தது 25. திறனறிப் பகுதி பாதியாக இருப்பதால் பொறியியல் தாளுக்கு மட்டும் தயாரானவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். பொறியியல் தாள் எழுதிவிட்டு இந்தத் தாளுக்கு விண்ணப்பிக்க மறந்தவர்களும் நிறைய; ஒரே படிவத்தில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தப் படிப்பின் உயிர் ஸ்டுடியோ, அதாவது ஒரு நிஜ இடத்தை எடுத்துத் திட்டம் வரையும் செய்முறை வகுப்பு. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தெரு, ஒரு வார்டு, ஒரு சிறுநகரம், ஒரு மாவட்டம் என்று அளவு கூடிக்கொண்டே போகும். கணக்கெடுப்பு, அடிப்படை வரைபடம், நிலப்பயன்பாடு, மக்கள்தொகைக் கணிப்பு, முன்மொழிவு என்ற வரிசை கையில் படிந்துவிடும். பதினெட்டு வயதிலேயே நகரத்தைப் பார்க்கும் கண் கிடைக்கிறது, இது வேறு வழிகளில் வருவதற்குத் தாமதமாகும்.

குறை, பொறியியல் கணக்கின் ஆழம். மேலே பார்த்த ஓட்டக் கணக்கைப் போடாமலே நீல நிறத்தில் வடிகால் கோடு இழுத்துவிட்டுப் போகிற வரைபடங்கள் ஸ்டுடியோக்களில் சாதாரணம். முதல் வேலையில் பொறியாளர் ஒருவர் “குழாய் விட்டம் என்ன” என்று கேட்டால் பதில் இருக்காது. நீரியலும் போக்குவரத்துப் பொறியியலும் விருப்பப் பாடமாக இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். பட்டம் பெற்றபின் தொழில் மாற்றிக்கொள்ளும் இடமும் இந்த வழியில் குறுகலானது.

பி.ஆர்க். முடித்து எம்.பிளான். (திட்டமிடல் முதுநிலை): ஐந்தும் இரண்டும் ஏழு

நீளமான வழி, ஆனால் கையில் பதிவு பெற்ற தொழில் ஒன்று இருக்கும். வரையவும், இடத்தை முப்பரிமாணத்தில் யோசிக்கவும் தெரிந்தவர்கள் இவர்கள். பேருந்து நிலையம், சந்தை, நடைபாதை போன்ற வேலைகளில் இவர்களுக்கு ஈடு கிடையாது. நகரம் முழுவதையும் பெரிய கட்டடமாகப் பார்த்துவிடுவது இவர்களிடம் அடிக்கடி நடக்கிற பிழை. மக்கள்தொகை, வீட்டு வாடகை, உள்ளாட்சி வரவுசெலவு ஆகியவற்றில் எண்ணோடு பேசப் பழக வேண்டும்.

நகர வடிவமைப்பில் எம்.ஆர்க். படிப்பதும் எம்.பிளானும் ஒன்று என்று நினைத்துச் சேர்பவர்கள் உண்டு. முன்னது தெரு, சதுக்கம், கட்டடத் திரள் என்ற அளவில், 1:500 போன்ற வரைபடங்களில் வேலை செய்யும். பின்னது 1:5,000 முதல் 1:20,000 வரையிலான வரைபடங்களில் நிலப்பயன்பாடு, மண்டலம், வலைப்பின்னல் என்று யோசிக்கும். அரசு அறிவிக்கை நகரமைப்பு முதுநிலை கேட்டால் எம்.ஆர்க். சான்றிதழ் ஏற்கப்படாமல் போகலாம். சேரும்முன் இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சிவில் முடித்து எம்.பிளான்.: நான்கும் இரண்டும் ஆறு

தமிழ்நாட்டு மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதையே சொல்வோம். சிவில் இடங்கள் ஏராளம், கட்டணத்தில் தேர்வு உண்டு, திட்டமிடல் பிடிக்காமல் போனாலும் பிழைப்பு உண்டு. நகராட்சி, மாநகராட்சி, குடிநீர் வாரியம், மெட்ரோ என்று நகரத்தின் பணம் செலவாகும் இடங்களில் எல்லாம் சிவில் பொறியாளர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களோடு அவர்கள் மொழியில் பேச முடிகிற திட்டமிடுநர் வரைந்தது நிலத்தில் இறங்கும்.

நுழைவுக்கு இரண்டு பாதைகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் எம்.பிளானுக்கு, கேட் (தேசிய அளவிலான பொறியியல் தகுதித் தேர்வு) மதிப்பெண் இல்லாதவர்கள் சீட்டா-பி.ஜி. என்ற மாநில நுழைவுத் தேர்வை எழுதலாம், எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கான டான்செட்டிலிருந்து அது 2023-இல் பிரிந்தது. இந்த மாற்றம் தெரியாமல் தவறான தேர்வுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். வெளியே போக விரும்பினால் கேட் வேண்டும். அதில் ஏ.ஆர். தாள் கட்டடக்கலைக்கும் திட்டமிடலுக்கும் பொதுவானது: பொதுத்திறன் 15 மதிப்பெண், பொதுப்பகுதி 60, மீதி 25-க்குக் கட்டடக்கலை அல்லது திட்டமிடல் என்று தேர்ந்தெடுக்கலாம். சிவில் மாணவர்கள் சி.இ. (சிவில் பொறியியல்) தாளோடு நின்றுவிடுகிறார்கள், அதை ஏற்கும் எம்.பிளான். நிறுவனங்கள் எவை என்று முதலிலேயே பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட இணைப்புப் பட்டியலில் இருந்தால் இரண்டு தாள்கள் எழுதலாம். விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். கேட் தகுதியோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு வழி உண்டு. இரண்டு வருட முதுநிலைக்கு வெளியூர் போகும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கோழிக்கோடு என்.ஐ.டி., விஜயவாடா எஸ்.பி.ஏ. இரண்டும் நமக்குப் பக்கம். ஐ.ஐ.டி. கரக்பூரில் நகரத் திட்டமிடலுக்கும், ரூர்க்கியில் நகர்ப்புற, ஊரகத் திட்டமிடலுக்கும் முதுநிலை இருக்கிறது. டெல்லி எஸ்.பி.ஏ. எம்.பிளானை நகர், வட்டாரம், போக்குவரத்து, வீட்டுவசதி, சுற்றுச்சூழல் என்று பிரித்துத் தருகிறது. எதை எடுப்பது என்று குழம்பினால் நகர் அல்லது போக்குவரத்து. மற்ற மூன்றும் தேவையானவைதாம், ஆனால் அவற்றின் பெயரிலேயே வரும் பணி அறிவிப்புகள் குறைவு.

இந்த வழியின் ஓட்டை எங்கே என்பதைச் சாலைக் கணக்கிலேயே காட்டலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 106-வது நெறிமுறை, வாகனங்களைக் காருக்குச் சமமான அலகாக மாற்றுகிறது. இருசக்கர வாகனத்துக்கு, போக்குவரத்தில் அதன் பங்கைப் பொறுத்து, 0.5 அல்லது 0.75. பேருந்துக்கு 2.2 அல்லது 3.7. இதை மட்டும் பார்த்தால் பேருந்து சாலையை அடைக்கும் வில்லன். ஐம்பது பேரை ஏற்றிய பேருந்து அதிகபட்சம் 3.7 அலகு. அதே ஐம்பது பேர் வண்டிக்கு ஒன்றரைப் பேர் வீதம் இருசக்கரத்தில் போனால் 33 வண்டி, ஏறத்தாழ 25 அலகு. வாகனத்தை எண்ணும் பழக்கம் சிவில் தருகிறது. ஆளை எண்ணும் பழக்கத்தை எம்.பிளானில் வந்துதான் கற்க வேண்டும். போக்குவரத்துப் பொறியியலில் எம்.இ. படிப்பதா, எம்.பிளானா என்று யோசிப்பவர்களுக்கும் இதுவே அளவுகோல். சந்திப்பு, சிக்னல், சாலைத் தளம் வடிவமைக்க ஆசை என்றால் எம்.இ.; சாலை எங்கே வேண்டும், வேண்டவே வேண்டாமா என்று கேட்க ஆசை என்றால் எம்.பிளான்.

புவியியல், பொருளாதாரம், சமூகவியல் வழி

மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு வருடம். பெரும்பாலான எம்.பிளான். இடங்களுக்கு இத்துறைகளில் இளநிலை போதாது, எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. வேண்டும். மும்பை டிஸ்ஸில் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) நகர்ப்புறக் கொள்கை, ஆளுகை பற்றிய முதுநிலையும், பெங்களூரு ஐ.ஐ.எச்.எஸ்.ஸில் (இந்திய மனிதக் குடியிருப்பு நிறுவனம்) பட்டதாரிகளுக்கான நகர்ப்புற ஃபெலோஷிப்பும் இந்தப் பின்னணிக்கு இன்னும் இயல்பாகப் பொருந்தும். கொள்கை ஆய்வு, தொண்டு நிறுவனம், ஆலோசனை வேலைகளுக்கு அவை நல்லவை. அரசு நகரமைப்புப் பணிக்கு எம்.பிளானுக்குப் பதிலாக அவற்றை நம்ப முடியாது.

இவர்களிடம் இருக்கும் செல்வம் கள ஆய்வு. அதில் மற்றவர்கள் செய்யும் பிழைகளை இவர்களால் திருத்த முடியும். 8,000 வீடுகள் உள்ள வார்டில், 95 விழுக்காடு நம்பகத்தோடும் 5 விழுக்காடு பிழை வரம்போடும் பேச 367 வீடுகள் போதும். ஆனால் அதில் குடிசைப் பகுதியின் வீடுகள் 60 மட்டும் வந்திருந்தால், அவர்களைப் பற்றிச் சொல்லும் விகிதத்தில் பிழை 13 விழுக்காட்டைத் தொடும். அந்தப் பகுதியில் தனியாகக் கூடுதல் மாதிரி எடுக்க வேண்டும். வார நாளில் காலை பத்து முதல் நாலு மணி வரை கதவு தட்டினால் வேலைக்குப் போகிறவர்கள் கிடைக்க மாட்டார்கள், “போக்குவரத்துப் பிரச்சினை இல்லை” என்ற முடிவு வரும். மாலையிலும் ஞாயிறன்றும் போக வேண்டும். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு வாடகைக்கு இருப்பவரை விட்டுவிடுவது இன்னொரு பழைய கோளாறு.

வேலையில் இருந்துகொண்டே: குறும்படிப்பும் சொந்த முயற்சியும்

பட்டத்துக்கு இது மாற்று ஆகாது. ஆனால் நகராட்சிப் பொறியாளர், வார்டு கவுன்சிலர், குடியிருப்போர் சங்கத்தார், செய்தியாளர் ஆகியோருக்கு இதுவே சரியான வழி. பட்டப் படிப்பில் சேர்வதற்கு முன் ஆர்வத்தைச் சோதிக்கவும் இதைவிட மலிவான வழி இல்லை. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் இணையவழிப் பயிற்சிகளை இலவசமாக நடத்துகிறது. வரைபட மென்பொருளுக்கு, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் போதும்.

பாடங்களை அடுக்கிக்கொண்டே போவதுதான் இங்கே வரும் நோய். ஒரே வார்டை எடுத்து ஆறு மாதம் அதிலேயே நிற்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் வரைபடம். வார்டு எல்லை, முழுமைத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டுத் தாள், அரசின் மின்சேவைத் தளத்திலிருந்து அ-பதிவேடும் புலப்படமும் (ஒவ்வொரு புலத்தின் அளவை வரைபடம்). ஸ்கேன் செய்த தாளை நிலத்தில் பொருத்தும்போது கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (தாளிலும் தரையிலும் ஒன்றே என்று அடையாளம் தெரியும் இடங்கள்) ஆறு முதல் எட்டு வேண்டும். நடுவில் குவிக்காமல் நான்கு மூலைக்கும் பரப்ப வேண்டும். 1:10,000 தாளில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 5 மீட்டர். பிழை அதற்கு மேல் காட்டினால் புள்ளிகளைத் திரும்ப வையுங்கள், இல்லையென்றால் வாய்க்கால் பக்கத்து வீட்டுக்குள் ஓடும். தமிழ்நாடு இரண்டு யு.டி.எம். மண்டலங்களில் (மீட்டரில் அளக்க உலகை நெடுக்காகப் பிரித்த பட்டைகள்) விழுகிறது. சென்னைக்கு 44 வடக்கு, மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலிக்கு 43 வடக்கு, 32643. மண்டலத்தை மாற்றி வைத்தாலோ, பாகை அளவில் வைத்துக்கொண்டே பரப்பைக் கணக்கிட்டாலோ எண்கள் பிசகும்.

உயரத் தரவில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவில் சில மீட்டர் பிழை சாதாரணம். கூரையையும் மரத்தையும் தரையாக எடுத்துக்கொள்ளும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தட்டையான இடங்களில் பல தெருக்களுக்கு இடையே வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அங்கே அந்தத் தரவை வைத்து வெள்ள வரைபடம் போட்டால் அழகாக வரும், தவறாக இருக்கும். எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களின் அடையாளத்தை வீடு வீடாகக் கேட்டுக் குறிப்பது அதைவிட நம்பகமானது.

அடுத்த இரண்டு மாதம் தெரு. நடைபாதையின் அகலத்தை அதன் மிகக் குறுகிய இடத்தில் அளக்க வேண்டும்: மின்மாற்றிப் பெட்டி, மரம், கடைப்படி எல்லாம் போக நடக்கக் கிடைப்பது எவ்வளவு? சாலைக் காங்கிரஸின் 103-வது நெறிமுறை கேட்பது குறைந்தது 1.8 மீட்டர். காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று வாகனத்தையும் ஆளையும் சேர்த்து எண்ணுங்கள்.

கடைசி இரண்டு மாதம் பணம். உள்ளாட்சியின் வரவுசெலவைப் படித்து, முன்மொழிவு ஒவ்வொன்றுக்கும் எந்தத் தலைப்பிலிருந்து காசு வரும் என்று எழுத வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் முடித்தவர்களுக்கு எம்.பிளான். முதல் பருவத்தின் பாதி கையில் இருக்கும்.

ஆக, எதில் சேர்வது?

பிளஸ் டூவில் இருப்பவருக்கு எஸ்.பி.ஏ. மாதிரி இடம் கிடைத்து, மனதும் உறுதியாக இருந்தால் பி.பிளான். உறுதியில் சிறு தயக்கம் இருந்தாலும் சிவில். வரைவது பிடித்து, ஏழு வருடம் படிக்க வீட்டில் தாங்கும் என்றால் கட்டடக்கலை. புவியியல்காரர்கள் எம்.ஏ.வின்போதே புள்ளியியலையும் கியூஜிஐஎஸ்ஸையும் முடித்துவிட வேண்டும். ஏற்கனவே உள்ளாட்சியில் வேலை பார்ப்பவருக்கு வேலையை விட்டு எம்.பிளான். படிப்பது, பதவி உயர்வு விதிகளில் அந்தப் பட்டத்துக்கு இடம் இருந்தால் மட்டுமே இலாபம். விதியைப் படித்துவிட்டு விடுப்புக்கு எழுதுங்கள்.

கட்டணம் கட்டும்முன் கல்லூரியில் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலையும் நகரமைப்பாளர் கழகத்தின் அங்கீகாரத்தையும், எந்த ஆண்டு வரை செல்லும் என்று தேதியோடு கேளுங்கள். பிறகு கடந்த வருட ஸ்டுடியோ அறிக்கை ஒன்றை வாங்கிப் புரட்டுங்கள். வரைபடத்தில் அளவுகோலும் தரவின் தேதியும் இருக்கின்றனவா? கணக்கெடுத்த வீடுகள் எத்தனை, யார் விடுபட்டார்கள் என்று எழுதியிருக்கிறதா? ஆசிரியர்கள் அந்த ஊர் நகராட்சி ஆணையரையோ பொறியாளரையோ அழைத்து மாணவர்களின் முன்மொழிவைக் காட்டினார்களா? செலவு மதிப்பீட்டுப் பக்கம் இருக்கிறதா? பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் ஒரு குழு என்றால் வரைபடம் போட்டவர் ஒருவர்தானா என்று அங்கே படிப்பவர்களிடமே விசாரியுங்கள். அப்படியென்றால் மற்றவர்கள் அந்தக் கலையைக் கற்காமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள்.